பாதிக் கட்டம் போதுமா?

ஆர்மோனியத்துக்கு இந்த நாட்டில் இரண்டு தீர்ப்புகள் உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவைத்தது. கட்டையை அமுக்கினால் ஒரு சுரம், விட்டால் மௌனம். நடுவில் அசைவு கிடையாது, கமகம் வராது என்பது குற்றச்சாட்டு. தடை தளர 1971 வரை ஆயிற்று. அதே காலத்தில் தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடக மேடைகளில் ஆர்மோனியப் பெட்டி வந்து சேராமல் ராஜபார்ட் வாயைத் திறக்கமாட்டார். பின்பாட்டுக்காரர் கட்டையை அமுக்கிக்கொண்டே பாடுவார், நடிகரைத் தூக்கிவிடுவார், வசனம் நீண்டால் ஒரு சுரத்தில் குட்டிச் சுருக்குவார். அந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி தூத்துக்குடிச் சீமையில்தான் இருக்கிறது. கரிசல் காட்டு ஊர்களுக்கு அந்த மேடை விடிய விடியப் பழக்கம். வானொலி அந்தப் பெட்டியிடம் இல்லாததைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. மேடை அதனிடம் இருப்பதை எடுத்துக்கொண்டது.

நோர்ன்ஸ் என்ற சிறிய இசைக் கணினிக்கு மாற்று கிரிட் ஆகுமா என்ற கேள்வியை இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விசாரிக்க வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் பிரையன் கிராப்ட்ரீ, கெல்லி கெய்ன் இருவரும் நடத்தும் மோனோம் என்ற சிறு நிறுவனம் 2018-இல் நோர்ன்ஸைக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. மூன்று திருகுகள், மூன்று பொத்தான்கள், 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை. உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. ஒலியை சூப்பர்கொலைடர் என்ற நிரல் உண்டாக்குகிறது. எந்த நேரத்தில் என்ன ஒலிக்க வேண்டும் என்பதை லூவா மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் சொல்கிறது. மென்பொருள் முழுவதும் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். பெட்டியாக வாங்க வசதிப்படாதவர்கள் ராஸ்பெர்ரி பை பலகையின் மேல் ஷீல்ட் என்ற ஒலிப் பலகையைப் பொருத்தி அதே கணினியைச் செய்துகொள்ளலாம்.

கிரிட் அதே நிறுவனத்தின் மூத்த பிள்ளை. 16 பத்திகள், 8 வரிசைகள், 128 ரப்பர் பொத்தான்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விளக்கு. எந்தப் பொத்தானின் மேலும் எழுத்தோ குறியோ கிடையாது. அமுக்கினால் 'இந்தப் பத்தி, இந்த வரிசை' என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போகும். விளக்கு தானாக எரியாது. எரிய வேண்டுமா, 16 அளவுகளில் எந்த வெளிச்சத்தில் எரிய வேண்டும் என்பதைக் கணினிதான் முடிவு செய்யும். அதனால் ஒரே பலகை ஒரு ஸ்கிரிப்டில் தாளப்பெட்டி, இன்னொன்றில் சுரப்பலகை, மற்றொன்றில் ஒலிநாடாவை வெட்டும் கத்தி. அழகான யோசனைதான், அதில் சந்தேகமில்லை.

சிக்கல் கிடைப்பதில் இருக்கிறது. மோனோம் சிறு தொகுதிகளாகச் செய்து விற்கிற நிறுவனம். கேட்ட நேரத்தில் சரக்கு இருக்காது. கிடைத்தாலும் கடல் தாண்டி வர வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். கோவில்பட்டியில் ஒரு பொறியியல் மாணவரோ, கல்யாணக் கச்சேரிகளில் ரிதம் பேட் வாசிக்கிறவரோ ஷீல்டை எப்படியோ சேர்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கிரிட்டின் விலை கேட்டதும் பின்வாங்குவார். அவர் கண்ணுக்குப் படுகிற மாற்றுகள் மூன்று வகை: மிடி என்ற, மின்னணு வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழியில் இயங்கும், கடையில் கிடைக்கும் லாஞ்ச்பேட் போன்ற பலகைகள், தானே பற்றவைத்துச் செய்யும் நியோட்ரெல்லிஸ் பலகை, லின்ஸ்ட்ருமென்ட் மாதிரியான அழுத்தம் உணரும் பலகைகள்.

முதலில் லாஞ்ச்பேட். நோவேஷன் நிறுவனம் இதை 2009-இல் கொண்டுவந்தது. 8-க்கு 8, ஆக 64 பொத்தான்கள். நோர்ன்ஸுக்கு இதை கிரிட்டாகக் காட்டுவது மிடிகிரிட் என்ற நூலகம். ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தால் போதும். பல ஸ்கிரிப்ட் ஆசிரியர்கள் அந்த வரியைத் தாங்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அதன் பிறகு கிரிட்டுக்குப் போக வேண்டிய செய்தியெல்லாம் மிடிச் செய்தியாக மாறி லாஞ்ச்பேடுக்குப் போகும்.

இதன் மேல் பொதுவாக வைக்கப்படும் குறை, பாதிக் கட்டம்தானே என்பது. குறை உண்மை. மோனோமின் பேர்பெற்ற எம்.எல்.ஆர். வகை ஸ்கிரிப்டுகளில் ஒரு வரிசை ஒரு ஒலிப்பதிவு. வரிசையில் உள்ள 16 பொத்தான்கள் அந்தப் பதிவின் 16 துண்டுகள். எங்கே தொட்டாலும் அங்கிருந்து ஒலி துள்ளும். 64 பொத்தான் பலகையில் இடது பாதி ஒரு பக்கம், வலது பாதி இன்னொரு பக்கம் என்று புரட்ட வேண்டும். பதிவு ஓடும் இடத்தைக் காட்டும் ஒளிப்புள்ளி வலது பாதிக்குள் நுழைந்ததும் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பதிவின் தலையும் வாலும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதுதான் அந்த ஸ்கிரிப்டின் உயிர். பக்கம் புரட்டினால் அது போய்விடுகிறது. இரண்டு லாஞ்ச்பேடுகளை ஒட்டி வைத்து 16-க்கு 8 ஆக்கினால் பார்வை மீளும், செலவு இரட்டிப்பாகும்.

அதைவிடப் பெரிய குறை வேகத்தில் இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் லாஞ்ச்பேட் நொடிக்கு 400 செய்திகளுக்கு மேல் வாங்காது என்பது அதன் நிரல் கையேடு சொல்லும் கணக்கு. ஓரப் பொத்தான்களையும் சேர்த்து 80 விளக்குகளை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க 200 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அட்சரம் ஓடும் தாளத்தில் சதுஸ்ர நடையின் ஒரு மாத்திரை 125 மில்லிநொடி. பலகை முழுவதும் புதுப்பித்து முடிவதற்குள் தாளம் அடுத்த மாத்திரைக்குள் நுழைந்திருக்கும். அந்தப் பலகையைப் பழைய விலைக்கு யாராவது நீட்டினால், மாறிய விளக்குகளுக்கு மட்டும் செய்தி அனுப்பும் ஸ்கிரிப்டுகளோடு வைத்துக்கொள்ளலாம், மேடைக்கு வேண்டாம். 2019-இல் வந்த லாஞ்ச்பேட் மினி மூன்றாம் பதிப்பு போன்ற புதிய பலகைகளில் இந்தத் தடை பிரச்சினையாக நிற்பதில்லை. அகாய் நிறுவனத்தின் பழைய ஏ.பி.சி. மினியும் இதே 64 தான். ஆனால் அதன் விளக்குகள் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்ற மூன்று நிறங்களோடு நின்றுவிடும், வெளிச்ச அளவு கிடையாது. மங்கல், நடு, பளிச் என்ற வேறுபாட்டை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் அதில் படிக்க முடியாத கோலமாகிவிடும்.

நியோட்ரெல்லிஸ் வேறு சாதி. அடாஃப்ரூட் நிறுவனம் விற்கும் 4-க்கு 4 பலகைகள் எட்டை இணைத்து, ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தியை வைத்தால் 16-க்கு 8 தயார். இது மிடி பேசுவதில்லை. கிரிட்டின் சொந்த மொழியையே பேசுகிறது. கணினியிடம் தன்னை மோனோம் என்றே அறிவித்துக்கொள்கிறது. ஆகையால் எந்த ஸ்கிரிப்டிலும் கைவைக்க வேண்டாம். 'அப்படியே கிரிட்' என்று இதைப் புகழ்கிறவர்களின் வாதம் இங்கே வரை சரி.

இனி கணக்கு. ஒவ்வொரு விளக்கும் முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் குடிக்கும். 128 விளக்குகளுக்கு 7.68 ஆம்பியர். சாதாரண யு.எஸ்.பி. துளை தருவது அரை ஆம்பியர். ஆகவே நிரலில் வெளிச்சத்தைப் பதினைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி வைக்க வேண்டும், அல்லது தனி மின்சாரம் கொடுக்க வேண்டும். இறக்கி வைத்தால் 16 வெளிச்ச அளவுகளில் கீழே உள்ள நான்கைந்துக்கு இடையே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அறைக்குள் பரவாயில்லை. கொடை விழாப் பந்தலில் டியூப்லைட் வரிசைக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவே உட்கார்ந்து பார்த்தால் பாதி விளக்குகள் அணைந்தவை போலவே இருக்கும். வேகத்திலும் ஒரு சின்ன விலை உண்டு. எட்டுப் பலகைகளும் ஒரே இரட்டைக் கம்பியில் தகவல் வாங்குகின்றன. 400 கிலோஹெர்ட்ஸில் 128 விளக்குகளின் நிறத் தகவல் போய்ச்சேர எட்டு ஒன்பது மில்லிநொடி, மேல்செலவோடு பத்தைத் தாண்டும். 125-க்கு முன்னால் பத்து பெரிதல்ல. தவில்காரர் காதுக்கு அது தெரியுமா என்று கேட்டால், விளக்குதானே தாமதம், கண்தானே காத்திருக்கும் என்பேன். பொத்தானைப் படிப்பதும் அதே கம்பிதான் என்பதால், விளக்குகளைக் கொட்டி எழுதிய ஸ்கிரிப்டில் விரலும் கொஞ்சம் காத்திருக்க நேரும்.

ஆனால் இந்த ஊருக்கு ஏற்ற ஒரு பெரிய தகுதி நியோட்ரெல்லிஸுக்கு உண்டு: பழுது பார்க்கலாம். பொத்தான் என்பது சிலிக்கான் ரப்பருக்கு அடியில் ஒட்டிய கரித்துண்டு, கீழே செப்புக் கோடுகள். கரி படிந்தால் தொடர்பு. கரிசல் புழுதி கோடையில் எங்கே நுழையாது? நுழைந்து தொடர்பைக் கெடுக்கும். ரப்பரைத் தூக்கி ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகிவிடும். ஒரு 4-க்கு 4 பலகை செத்துவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். முகவரிக்கான சின்ன இணைப்புகளைப் பற்றவைக்கும் வேலை, செல்போன் போர்டை லென்ஸ் வைத்துச் சரிசெய்கிற சர்வீஸ் கடைக்காரருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். லாஞ்ச்பேடையும் துடைக்கலாம், விளக்கோ சில்லோ போய்விட்டால் அந்தப் பலகை ஒரே துண்டு, மாற்றுப் பாகம் கிடையாது.

கணினிக்கும் வெயில் உண்டு. ராஸ்பெர்ரி பை 3பி+ சில்லு 60 டிகிரியைத் தொட்டதும் 1.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் அது சீக்கிரமே தொட்டுவிடுகிற எல்லை. மோனோமின் சொந்தப் பெட்டியில் மின்கலம் உண்டு, ஷீல்டில் கிடையாது. கரண்ட் போனால் கணினி அந்த நொடியே விழும், எழுதிக்கொண்டிருந்த நினைவக அட்டை கெடவும் கூடும். ஆகவே இங்கே முதல் செலவு கிரிட் அல்ல. நல்ல பவர் பேங்க். அதிலிருந்தே நியோட்ரெல்லிஸையும் ஓட்டுவதென்றால் மேலே போட்ட ஆம்பியர் கணக்கை ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் விசாரணை சூடுபிடிக்கிறது. ரோஜர் லின் செய்த லின்ஸ்ட்ருமென்டின் சிறிய வடிவம் தற்செயலாகவோ திட்டமாகவோ அதே 16-க்கு 8, 128 கட்டங்கள். கட்டத்துக்குள் விரல் பக்கவாட்டில் நகர்வதையும், முன்பின் நகர்வதையும், அழுத்தத்தையும் அது உணரும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கலாம். ஏ.ஆர். ரகுமான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஹேக்கன் கன்டினுவம் என்ற, கட்டங்களே இல்லாத வழுக்குப் பலகையை வாசித்தது 2009-இல். அதே தேவைக்கு வேறொரு விடை லின்ஸ்ட்ருமென்ட். கமகம் வேண்டுகிற நமக்கு இதைவிடப் பொருத்தம் எது என்று தோன்றும்.

தோன்றுவது கிரிட்டாக மாட்டும்வரைதான். நோர்ன்ஸ் ஸ்கிரிப்டுக்கு கிரிட்டிலிருந்து வந்துசேரும் செய்தியில் மூன்று எண்கள்தான் உண்டு: பத்தி, வரிசை, 1 அல்லது 0. அமுக்கியது, விட்டது. அழுத்தத்துக்கு அங்கே இடமே ஒதுக்கவில்லை. விரல் எவ்வளவு வழுக்கினாலும் வாசலில் எல்லாம் உதிர்ந்து, ஆர்மோனியக் கட்டை மட்டும் உள்ளே போகும். கிரிட்டையும் விட விலை கூடிய ஒரு கருவியை வாங்கி, அதன் மூன்று புலன்களில் இரண்டரையைக் கட்டிப்போட்டு வைப்பதை மாற்று என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. அதை மிடிக் கருவியாகவே நோர்ன்ஸுக்குக் கொடுத்தால் வழுக்கலும் அழுத்தமும் ஸ்கிரிப்டுக்கு எட்டும். அப்போது அது கிரிட் அல்ல, வேறொரு வாத்தியம்.

இதே குற்றத்தை லாஞ்ச்பேடும் செய்கிறது, சின்ன அளவில். லாஞ்ச்பேட் எக்ஸ், புரோ போன்றவற்றுக்கு அடியின் பலம் தெரியும்; மிடிகிரிட் வழியாக வந்தால் 1, 0. புதிய லாஞ்ச்பேடுகளுக்கு எல்லா நிறமும் உண்டு, அசல் கிரிட்டுக்கு ஒரே நிறம். மிடிகிரிட் அந்த நிறங்களை வெளிச்ச அளவாக நடிக்க வைக்கிறது. கிரிட்டாக வேடம் போடும் ஒவ்வொரு மாற்றும் கிரிட்டிடம் இருப்பதில் கொஞ்சத்தை எட்டவில்லை. தன்னிடம் இருப்பதிலும் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு வருகிறது. மாற்றுகளைப் பற்றிய பேச்செல்லாம் முதல் இழப்பைத்தான் எண்ணுகிறது. எனக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது.

தாளத்தை வைத்துச் சோதிக்கலாம். 16 பத்திகள் என்பது நான்கு நான்காக எண்ணும் இசைக்கு வாகானது. ஆதிதாளம் எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் 32 மாத்திரை, 16 பத்திப் பலகையில் இரண்டு வரிசை, சரி. கண்ட நடைக்கு மாற்றினால் 40 மாத்திரை, இரண்டரை வரிசை. மிஸ்ர நடையில் 56, மூன்றரை. சமம் பலகையின் நடுவில் போய் விழும். இப்போது 8-க்கு 8 பலகையை எடுத்து, பத்தியை அட்சரமாகவும் வரிசையை நடையாகவும் வையுங்கள். எட்டுப் பத்திகள் எட்டு அட்சரம். திஸ்ரம் மூன்று வரிசை, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு. எட்டாவது வரிசை கட்டுப்பாட்டுக்கு மிச்சம். சங்கீர்ணம் ஒன்பது மட்டும் அடங்காது. லகுவின் நான்கு பத்திகளுக்கு ஒரு நிறம், இரண்டு துருதங்களுக்கு வேறு நிறம் என்று வைத்தால் ஆவர்த்தனம் எங்கே நிற்கிறது என்பது ஓரக்கண்ணிலேயே தெரியும். மிஸ்ர சாபு ஏழு பத்தி, ஒரு பத்தி மிச்சம். கண்ட சாபு ஐந்து. பாதிக் கட்டம் என்று இகழ்ந்த பலகை நம் தாளத்துக்கு முழுக் கட்டமாகிறது. அசல் கிரிட்டில் அந்த நிறம் இல்லை. மோனோம் 2006-இல் வெளியிட்ட முதல் பலகையே 8-க்கு 8 தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மிடிகிரிட் வேண்டாம். லாஞ்ச்பேடை லாஞ்ச்பேடாகவே வைத்து, லூவாவில் மிடிச் செய்திகளை நேரே எழுத வேண்டும். அடியின் பலமும் வந்துவிடும். தேவராட்டத்துக்குத் தேவதுந்துபி அடிக்கிறவர் கையில் பலமும் மெலிவும் இல்லாவிட்டால் ஆட்டக்காரன் காலெடுக்கவே மாட்டான்; 1, 0 மட்டும் தெரிந்த பலகை அந்தக் கைக்கு அவமானம். ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டுமே என்பது நியாயமான ஆட்சேபம். தெரிய வேண்டும்தான். லூவா கடினமான மொழி அல்ல. நோர்ன்ஸ் தன் வைஃபையிலேயே உலாவியில் திறக்கும் எழுதுபலகையைத் தருகிறது. கற்றுக்கொள்ள மனமில்லாதவருக்குத் திறந்த மூலக் கணினி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, கொஞ்சம் கடுமைதான்.

கமகத்தின் பேரால் ஒரு வாதம் பாக்கி இருக்கிறது. பொத்தான் 1, 0 ஆக இருந்தால் என்ன, வழுக்கலைக் கணினியே செய்யலாமே? செய்யலாம். நோர்ன்ஸின் ஒலிநாடாப் பகுதியான சாஃப்ட்கட் ஆறு குரல்களை ஓட்டும். வேகம் ஒரு அளவிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை நேரத்தில் வழுக்க வேண்டும் என்று எண் கொடுத்தால் வழுக்கும். ஆனால் அது எண் சொன்ன வழுக்கல். நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழுதான். மிச்சமெல்லாம் உதட்டிலும் மூச்சிலும் பிறக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தை 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு கேட்டிருப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விளாத்திகுளம் சுவாமிகள் ஒரே ராகத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆலாபனை செய்த பூமியில், மில்லிநொடி கணக்கில் கமகம் எழுதிக் காட்டுவது வீண் வேலை. அசல் கிரிட்டாலும் அது முடியாது என்பதால், இந்தக் குறையை மாற்றுகளின் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை.

செய்யக்கூடியது வேறு. நோர்ன்ஸுக்கு இரண்டு ஒலி உள்வாயில்கள் உண்டு. சிறு மிக்சர் வழியாக ஒரு மைக்கைக் கொடுத்து, நாகஸ்வரக்காரரையோ உறுமிக்காரரையோ எதிரே உட்கார வையுங்கள். கமகம் மனிதனிடமிருந்து வரட்டும். அதைப் பிடித்து, சுற்றி, துண்டாக்கி, ஆவர்த்தனத்தில் நிறுத்துவதைப் பொத்தான் செய்யட்டும். அதற்கு 1, 0 போதும். ஆர்மோனியமும் நாடக மேடையில் அந்த வேலையைத்தான் பார்த்தது.

ஆகவே என் முடிவு ஒன்றாக இல்லை. மற்றவர்கள் எழுதிய ஸ்கிரிப்டுகளை, அவர்கள் நினைத்தபடியே ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு லாஞ்ச்பேட் ஒன்று போதாது, நியோட்ரெல்லிஸ் செய்துகொள்ளட்டும். வெளிச்சக் குறையைப் பொறுத்துக்கொண்டால் அது அசலுக்கு மிக அருகில் நிற்கிறது. அசல் கிரிட் தொட்டுப் பார்த்தால் மேலானது, ஐயமில்லை: பொத்தானின் மெத்தென்ற எதிர்ப்பு, கண்ணை உறுத்தாத ஒற்றை ஒளி, மாட்டியதும் வேலை செய்யும் நிம்மதி. பணம் இருந்து, சரக்கும் இருந்தால் வாங்குவதில் தவறே இல்லை. மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு வன்பொருள் விற்றுப் பிழைக்கிற சிறு நிறுவனம் அது என்பதையும் தராசில் போட வேண்டும்; ஷீல்டையாவது அவர்களிடமே வாங்கினால் அந்தக் கணக்கு ஓரளவு நேராகும். லின்ஸ்ட்ருமென்டை கிரிட்டுக்கு மாற்றாக வாங்குவதை முழுதாக நிராகரிக்கிறேன்.

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் தாளத்தோடு புழங்குகிற ஒருவர் என்னிடம் கேட்டால், அடியின் பலம் தெரிந்த 8-க்கு 8 லாஞ்ச்பேட் ஒன்றைச் சொல்வேன். புதியதாகவே இருக்க வேண்டியதில்லை. லாஞ்ச்பேட் எக்ஸ் கைமாறி வந்தாலும் சரி, 2009-இன் பலகை மட்டும் வேண்டாம். அதில் மிடிகிரிட்டை ஏற்றி மற்றவர்கள் ஸ்கிரிப்டுகளை ஓட்டிப் பழகுவது முதல் மாதத்துக்குப் போதும். அதற்குள் ஆதிதாளத்துக்கு எட்டுப் பத்தி எழுதும் அளவு லூவா வந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் பவர் பேங்கும், ஒரு மைக்கும், பை பலகைக்கு ஒரு சின்ன விசிறியும் வாங்கலாம்.